'ஸ்ரீ' என்றால் விழும் கணினி

கேளம்பாக்கத்தில் ஒரு கணினி தனித்தமிழுக்கு மாறிவிட்டது. நம்ப மாட்டீர்களா? சென்ற வியாழக்கிழமை நானே நேரில் பார்த்தேன்.

படூரில் நாங்கள் நடத்தும் சிறிய வாசகர் வட்டத்துக்கு ஒரு நோட்டீஸ் அடிக்க வேண்டியிருந்தது. ஷமீமாவின் டி.டி.பி. கடைக்குப் போனேன். கல்யாணம், காதுகுத்து, கடைத் திறப்பு — இந்த வட்டாரத்தின் நல்ல செய்திகள் எல்லாம் ஷமீமாவின் திரையில் ஒருமுறை தோன்றிய பிறகுதான் ஊருக்குள் போகும். வேகமாகத் தட்டச்சு செய்வாள்; அதைவிட வேகமாகப் பேசுவாள். அன்று பேச்சே இல்லை. கன்னத்தில் கைவைத்துத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முந்தைய நாள் கணினி தானாகவே அப்டேட் ஆகியிருந்ததாம். ஆகட்டும், நல்லதுதானே? ஆனால், அதன் பிறகு பத்திரிகை வடிவமைக்கும் சாஃப்ட்வேரில் மேட்டரை, அதாவது அச்சிட வேண்டிய வாசகத்தை, ஒட்டினால் போதும்... திரை ஒரு கணம் வெளிறும்; 'எதிர்பாராத காரணத்தால் மூடப்படுகிறது' என்று ஒரு வரி வரும்; அவ்வளவுதான், எல்லாம் மறைந்துவிடும்.

எதிரே ஏழுமலை உட்கார்ந்திருந்தார். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். மகள் ஜெயஸ்ரீயின் கல்யாணப் பத்திரிகைக்காகக் காலையிலிருந்து காத்திருக்கிறார்.

"இன்னா தங்கச்சி, மறுபடியும் பூட்ச்சா?"

"போயிடுச்சு அண்ணாத்த. பேஜார் பண்ணாம உக்காருங்க."

"நானா பேஜார் பண்றேன்? அஞ்சு மணிக்குத் திருக்கழுக்குன்றத்துல சாமி கால்ல மொத பத்திரிகைய வெக்கணும். சம்பந்தி வூட்ல கார் எடுத்துகினு கிளம்பிட்டாங்க!"

மணி பன்னிரண்டரை. அடுத்த கடையில் அடிக்கலாமே என்றேன். அங்கே போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். அதே சாஃப்ட்வேர், அதே அப்டேட், அதே வெளிறல்.

ஷமீமா கணினியை அணைத்துப் போட்டாள். சாஃப்ட்வேரை நீக்கி மறுபடி ஏற்றினாள். எழுத்துருவை மாற்றினாள். கடைசியில் உதவி எண்ணை அழைத்தாள். மறுமுனைக் குரல் மிகுந்த பரிவோடு கேட்டது: "ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்த்தீர்களா மேடம்?"

ஏழுமலை பொறுமை இழந்து மகளுக்கு ஃபோன் போட்டார் — ஸ்பீக்கரில்.

"யம்மா, நீ கம்ப்யூட்டர் கம்பெனிலதானே கீற? வந்து இது இன்னான்னு பாரு."

"நான் ஹெச்.ஆர்.பா! என் கம்ப்யூட்டர் கெட்டுப்போனாலே நான் வேற ஆளைத்தான் கூப்பிடுவேன்."

"அதே பில்டிங்லதானே உக்காந்துகினு கீற?"

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். எனக்கும் கணினி தெரியாது. ஆனால் பல வருடங்கள் ஒரு பதிப்பகத்தில் புரூஃப் பார்த்தவள். பிழை எங்கே ஒளிந்திருக்கும் என்று தேடத் தெரியும். "மொத்தத்தையும் ஒட்டாதே ஷமீமா. பாதிப் பாதியாக ஒட்டு" என்றேன்.

கீழ்ப்பாதியை ஒட்டினாள். நின்றது. மேல்பாதியை ஒட்டியதும் திரை வெளிறி, சாஃப்ட்வேர் விழுந்தது. அதை மறுபடி இரண்டாக்கினோம், இரண்டுமே விழுந்தன. அப்படியானால் குற்றவாளி ஒருவரல்ல, இருவர்! பிறகு ஒவ்வொரு வரியாக. உச்சியில் 'ஸ்ரீ வேதகிரீஸ்வரர் துணை' விழுந்தது. மணமகள் பெயர் இருந்த வரி விழுந்தது. மற்றவை அத்தனையும் நின்றன.

இரண்டுக்கும் பொதுவானது என்ன? வெற்றுப் பக்கத்தில் 'ஸ்ரீ' என்று மட்டும் அடித்தாள் ஷமீமா. விழுந்தது. 'திரு' என்று அடித்தாள். கம்பீரமாக நின்றது. தனித்தமிழ்! ஆனாலும் 'ஜெ'வுக்குத் தடையில்லை, ஷமீமாவின் 'ஷ'வுக்கும் தடையில்லை... கொள்கையில் கொஞ்சம் சமரசம் இருந்தது என்று வையுங்கள்.

சாமி வரியை 'அருள்மிகு' ஆக்கினோம். "சாமி கோச்சிக்காது" என்று ஏழுமலை உடனே ஒப்புக்கொண்டார். அந்த உற்சாகத்தில் ஷமீமா, மேட்டரில் மிச்சமிருந்த 'ஸ்ரீ'யையும் ஒரே தட்டில் 'திரு' ஆக்கிவிட்டாள். மணமகள் ஜெயதிரு!

"யாரு தங்கச்சி இது, ஆம்பள பேரு மாதிரி கீது?"

'ஜெயா' என்று சுருக்கினோம். ஏழுமலை உரக்க வாசித்தார். மணமகனின் பெற்றோர் பெயரில் வந்ததும் அவர் குரல் நின்றது. மாப்பிள்ளையின் தாயார் பெயர் ஜெயா! ஜெயாவின் மகனுக்கும் ஜெயாவுக்கும் கல்யாணம் என்று நாங்கள் ஊரைக் கூட்ட இருந்தோம்.

"ஐயையோ, சம்பந்தியம்மா மண்டபத்துக்கே வராது!"

வேறு வழியில்லாமல் 'ஜெயசிறீ' என்று அடித்துப் பார்த்தபோது, கழுத்தில் அடையாள அட்டையோடு ஜெயஸ்ரீயே வந்து நின்றாள். மதிய உணவு இடைவேளையில் ஸ்கூட்டியில் வந்திருக்கிறாள். சிரித்துக்கொண்டே வந்தவள், திரையைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள்.

"ஸ்கூல் சர்டிஃபிகேட்ல ஜெயசிரி. பேங்க் புக்குல ஜெயசீ. ஆபீஸ்ல வெறும் ஜே. இது ஒன்னுதாம்பா நம்மளே பார்த்து அடிக்கிறது. இதுலயாச்சும் என் பேரு இருக்கட்டுமே."

ஏழுமலை ஃபோனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "அஞ்சு மணி தாண்டுனா தாண்டட்டும். சம்பந்திகிட்ட நான் பேசிக்கிறேன். நீ சரியா அடி தங்கச்சி."

கார் பாதி வழி வந்திருக்கும் வேளையில் ஒரு தகப்பன் இதைச் சொல்வது எளிதா என்ன?

ஷமீமா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எழுத்தா போட்டாதானே விழுது? படமா போட்டா?" வேறொரு இடத்தில் பெயரை அடித்து, அதைப் படமாகப் பிடித்து ஒட்டினாள். நின்றது! ஆனால் ஓரமெல்லாம் பிசிறு. கிழிந்த இடத்தில் ஒட்டுப்போட்டது போல இருந்தது.

"நானே எழுதித் தரட்டுமா அக்கா?" என்றாள் ஜெயஸ்ரீ.

என் பேனாவைக் கொடுத்தேன். நான் எழுதிக் கொண்டுவந்திருந்த நோட்டீஸ் தாளின் பின்பக்கம் முழுக்கத் தன் பெயரை எழுதினாள் — பன்னிரண்டு முறை. ஒன்று சாய்ந்தது, ஒன்று நடுங்கியது, ஒன்றில் மை இழுத்தது. ஒன்பதாவதைத் தேர்ந்தெடுத்தோம். ஷமீமா அதைப் படமெடுத்து, பெயர் வர வேண்டிய இடத்தில் பொருத்தினாள். நால்வரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். திரை வெளிறவில்லை.

கணினி மேல் எனக்குக் கோபமில்லை. தெரியாத எழுத்தைக் கண்டு அது மயங்கி விழுகிறது. அதில் ஒரு நேர்மை இருக்கிறது. நாம் அப்படியா? வாயில் நுழையாத பெயரைச் சுருக்கிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

ஆபீஸில் பர்மிஷன் சொல்லிவிட்டு ஜெயஸ்ரீயும் காத்திருந்தாள். மூன்று பத்துக்கு முதல் பத்திரிகை சுடச்சுட வெளியே வந்தது. எல்லாப் பெயர்களும் அச்செழுத்தில். ஒரு பெயர் மட்டும் பேனாவில். ஏழுமலை அதைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இன்னாம்மா, அந்தக் கடைசிச் சுழிய இவ்ளோ நீளத்துக்கு இழுத்துகீற?"

"இதுவரைக்கும் என் பேரை வெட்டுனவங்களுக்கெல்லாம் சேர்த்துப்பா!"