ஸ்டீல் பிசினஸ்

“கண்ணு!” என்று கத்திவிட்டுத்தான் அவர் வெல்டிங் ராடை இரும்பில் வைப்பார். தெருவில் போகிறவர்கள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். எதிர் மாடியில் துணி உலர்த்துகிறவர்கள் ஈரத்துணியையே முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார்கள். பட்டறை வாசலில் படுத்திருக்கும் நாய்கூட தலையைக் காலுக்குள் புதைத்துக்கொள்ளும். அப்புறம்தான் சர்ரென்று நீல வெளிச்சம் கிளம்பும். ஈ காக்கை இல்லாத நேரத்திலும் கத்துவார். “வெல்டிங் வெளிச்சத்தைப் பாத்துட்டா கண்ணுல மண்ணள்ளிப் போட்ட மாதிரி உறுத்தும். எவனாவது தெரியாம அந்தப் பக்கம் வருவான். அவன் சாபம் எனக்கெதுக்கு?” என்பார்.

தெருப்பிள்ளைகள் வைத்த பேர் நெருப்பு மாமா. சொந்தப் பேரைச் சொல்லிக் கேட்டால் அவருக்கே திரும்பிப் பார்க்க ஒரு நொடி ஆகும். ஆள் ஒல்லி. கழுத்துக்குக் கீழே சட்டை திறந்திருக்கும் இடம் மட்டும் செங்கல் நிறத்தில் முக்கோணமாகக் கருகிக் கிடக்கும். பொறி விழுந்து விழுந்து சட்டையெல்லாம் பொத்தல். “கொசு வலைக்குக் காலர் வச்சுத் தச்சுப் போட்டிருக்காரு” என்று அவர் மனைவி வருகிறவர்களிடம் அறிமுகம் செய்வாள். “காத்தோட்டமா இருக்குடி, உனக்கென்ன?” என்பார் அவர்.

கேட் செய்யக் கொடுக்க வருகிறவர்கள் பட்டறைக்குள் கால் வைக்க மாட்டார்கள். வாசலிலேயே நின்று, “ஏம்ப்பா, இங்க வா” என்பார்கள். வயசைப் பார்த்தால் ‘ப்பா’ வராது, கையைப் பார்த்தால் வந்துவிடும். ஒரு அம்மா, கையில் பிடித்திருந்த மகனிடம், அவர் காதில் விழும்படியே சொன்னாள்: “பாத்தியா? படிக்கலைன்னா இப்படித்தான் நெருப்புல வேகணும்.” அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “நல்லாப் படி ராஜா. பெரிய வீடா கட்டு. கேட் மாட்ட என்கிட்டயே வா, வேற எங்கயும் போயிடாதே” என்றார். பையன் சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை.

அதற்காக அவரை மகான் ஆக்கிவிட வேண்டாம். அவர் செய்த கேட்டுகளுக்குப் பெயிண்ட் அடிக்க வருகிறவரைக் கண்டால் அவருக்கு இளக்காரம்தான். “பிரஷ்ஷைத் தொட்டுத் தொட்டுத் தடவறதெல்லாம் ஒரு வேலையாய்யா? எங்க பாட்டி மருந்து தடவுன மாதிரி இருக்கு.” பெயிண்ட்காரரும் விட மாட்டார். “உங்க ஒட்டு வேலையை நான் தடவி மறைக்கலைன்னா ஊரே சிரிக்கும்ணே” என்பார். பட்டறைக் குப்பையை அள்ளிப் போகிறவரைப் பெயிண்ட்காரர் எப்படிப் பேசுகிறார் என்பது வேறு கதை. ஏணி என்றிருந்தால் மிதிக்கக் கீழே ஒரு படி வேண்டுமே!

மகளைப் பட்டறைக்குள் விட்டதில்லை. அவள் சின்ன வயசில் ஒரு நாள் ராடை எடுத்து விளையாட, கையிலிருந்து பிடுங்கி எறிந்தார். “நீ ஏசியில உக்கார வேண்டியவ. இதைத் தொட்டே, தோலை உரிச்சிடுவேன்.” அவளும் படித்தாள், ஏசியில் உட்கார்ந்தாள். கல்யாணப் பேச்சு வந்தபோது மாப்பிள்ளை வீட்டில் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். நடுவில் நின்ற தரகர் கொஞ்சமும் கூசாமல், “ஸ்டீல் பிசினஸ்” என்றார். இவர் அதைக் கேட்டு ரசித்துச் சிரித்தார். “பொய்யின்னு எப்படிச் சொல்றது? இரும்போடதானே பொழப்பு!” சம்பந்திக்கு விவரம் அப்புறம் தெரிந்தது. ஆனால் அதற்குள் அவர் தன் சொந்தபந்தம் முழுக்க ஸ்டீல் பிசினஸ் என்று சொல்லி முடித்திருந்தார். இனி எப்படித் திரும்ப வாங்குவது? பட்டறை இருக்கும் ஊர்ப்பக்கமே அவர் வருவதில்லை.

இப்போது பேத்தி பிறந்திருக்கிறாள், மகள் இருக்கும் ஊரில். போனில்தான் பார்க்கிறார். கேட்டுக்கு அளவு கேட்க வருகிறவர்கள் முதலில் பேத்தி கொட்டாவி விடுவதைப் பார்த்தாக வேண்டும். “இங்க பாருங்க, இதுதான் கொட்டாவி. இப்ப மூக்கைச் சுருக்குவா பாருங்க... சுருக்கிட்டாளா? நான் சொன்னேன்ல!” உலகத்தில் வேறு எந்தக் குழந்தைக்கும் மூக்கே இல்லாத மாதிரி பேசுவார். வாசலிலேயே நிற்கிறவர்கள்கூட போனைப் பார்க்க இரண்டடி உள்ளே வந்துவிடுகிறார்கள்.

மகள் போன் செய்தாள். “அப்பா, ஞாயித்துக்கிழமை வாங்க. பாப்பாவைத் தூக்கிக்கலாம். எங்க மாமனாரோட அண்ணனும் வர்றாரு. அவரு ஒரு மாதிரி... கேள்வி கேட்டுக்கிட்டே இருப்பாரு...” இழுத்தாள்.

“ஸ்டீல் பிசினஸ். அவ்வளவுதானே? நீ கவலையே படாதே. நாளைக்கு அந்த வீட்ல இருக்கப்போறது நீதானே, நானா?”

சனிக்கிழமை முழுக்கக் கையைத் தேய்த்தார். மண்ணெண்ணெய், அப்புறம் சோப்புத் தூள், அப்புறம் பாத்திரம் தேய்க்கிற நார். “கறையை எடுக்கிறீங்களா, கையையே எடுக்கிறீங்களா?” என்றாள் மனைவி. நகக் கண்ணில் இருந்த கறுப்பு அசைந்து கொடுக்கவில்லை. கையைப் பேண்ட் பையில் விட்டுக்கொண்டால் தெரியாது என்று முடிவு செய்தார்.

அந்த வீட்டுக் கூடத்தில் சோபா இருந்தது. அதன் விளிம்பில், எழுந்து ஓடப்போகிறவர் மாதிரி உட்கார்ந்தார். சம்பந்தியின் அண்ணன் எதிரே அமர்ந்து ஆரம்பித்தார்.

“ஸ்டீல் மார்க்கெட் இப்ப எப்படி சம்பந்தி?”

“அது... ஏறும், எறங்கும்.”

“இப்ப ஏறுதா, எறங்குதா?”

“பாதி வழியில நிக்குதுங்க.”

சம்பந்தி இருமினார். மனைவி இவர் முழங்காலைக் கிள்ளினாள். நல்லவேளை, மகள் குழந்தையோடு வந்தாள். துணிச் சுருளுக்குள் ஒரு சின்ன முகம், பால் குடித்த களைப்பில் வாய் திறந்து தூங்கியது. மகள் குனிந்து அவர் மடியில் வைத்தாள். அவர் கையைப் பையிலிருந்து எடுக்க மறந்து, முழங்கையாலேயே அணை கட்டினார். “கையைக் குடுங்கப்பா, பரவாயில்ல” என்றாள் மகள். கையை எடுத்தார். துணிக்குக் கீழே கொடுத்துத் தாங்கினார்.

“மாமா, இங்க பாருங்க!” மாப்பிள்ளை போனைத் தூக்கினார். வெள்ளையாக வெளிச்சம் பளிச்சிட்டது.

“கண்ணு!”

வீடே அதிர்ந்தது. அவருடைய ஒரு கை குழந்தையின் முகத்தின் மேல் கூரை மாதிரி கவிழ்ந்திருந்தது. தன் முகத்தை அவர் சுவர்ப் பக்கம் திருப்பியிருந்தார். மனைவியும் திரும்பியிருந்தாள். மகளும்தான். அண்ணன்காரர் மடியில் காபி கொட்டியிருந்தது. குழந்தை மட்டும் தூங்கிக்கொண்டிருந்தது.

அண்ணன்காரர் வேட்டியை உதறினார். “என்ன சம்பந்தி இது? வெல்டிங் பட்டறையில கத்தற மாதிரி கத்தறீங்க!”

சம்பந்தி தலையைத் தூக்கி மின்விசிறியை ஆராய்ந்தார். இவருக்கு வாயில் பதில் தயாராக இருந்தது. ‘சரக்கு எடுக்கப் பட்டறைக்குப் போவேன், அங்க கத்துக்கிட்டதுங்க’ என்று சொல்லிச் சிரித்துவிட்டால் தீர்ந்தது. மகளுக்குத் தலைகுனிவு வராது. மூச்சை இழுத்தார்.

“பட்டறைதான் பெரிய மாமா” என்றாள் மகள். “எங்கப்பா வெல்டர். நான் அந்தச் சத்தத்துலதான் வளந்தேன். பாருங்க, எனக்கும் கழுத்து தானா திரும்புது.”

“அப்படியா...” என்றார் அண்ணன்காரர். அந்த ‘அப்படியா’ கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரைக்கும் நீண்டது. பிறகு தம்பியைப் பார்த்தார். தம்பிக்கு மின்விசிறி இன்னும் முடியவில்லை.

சம்பந்தியம்மா எழுந்து வந்து இரண்டு கையையும் நீட்டினாள். “குழந்தையைக் குடுங்க. பசிச்சிருக்கும்.”

இவர் கொடுக்கத்தான் போனார். மடியிலிருந்து பாதி தூக்கியும் விட்டார்.

“இப்பத்தானே அத்தை குடிச்சா” என்றாள் மகள். குரல் உயரவில்லை. “அப்பா இன்னும் தொட்டே பாக்கலை.” அவர் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்து, குழந்தையின் காலுறையைக் கழற்றி, பாதத்தை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

பாதம் கையில் இருந்தது. கண்ணுக்குத் தெரிந்தது. கைக்குத் தெரியவில்லை. வருஷக்கணக்காகச் சூடு குடித்த தோல், செருப்புத் தோல் மாதிரி தடித்துப்போயிருந்தது. கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். சுண்டுவிரலால் பார்த்தார். ஒன்றும் ஏறவில்லை. நீட்டிய கையை மடக்காமல் சம்பந்தியம்மா நின்றுகொண்டிருந்தாள். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மெதுவாகக் குனிந்து, அந்தப் பாதத்தைத் தன் மரத்துப்போகாத காது மடலில் வைத்து அழுத்திக்கொண்டார்.