செவலை மேல் இருந்த மொட்டை

நனைந்த குதிரையின் வாசனை தெரியுமா உங்களுக்கு? ஊறிய கொள்ளு, வியர்வை, உப்புத் தண்ணீர்... மூன்றும் சேர்ந்த ஒரு நெடி. பீச்சிலிருந்து திரும்பினால் அம்மா மூக்கைப் பொத்திக்கொள்வாள். எனக்கு அது சென்ட்.

போர்ட் பிளேரில் குதிரை ஏது என்பீர்கள். எங்கள் சின்ன வயதில் ஒருவர் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் இரண்டு மட்டக்குதிரைகளைக் கொண்டுவந்து, டூரிஸ்ட்டுகளை ஏற்றிச் சுற்றிக்கொண்டிருந்தார். ஒன்று வெள்ளை, ஒன்று செவலை. சாயங்காலம் நானும் பாலுவும் டாலிகஞ்ச் வீட்டிலிருந்து ஒரே சைக்கிளில் போய்க் குதிரைகளைக் குளிப்பாட்டுவோம். பதிலுக்கு ஆளுக்கு ஒரு ரவுண்டு ஓட்டிக்கொள்ளலாம்.

பாலு என் அண்ணன். ஒன்றரை வயது மூத்தவன், ஆனால் என் உயரம், என் எடை. அண்ணன் என்று நான் கூப்பிட்டதே இல்லை. அவன் எப்போதும் வெள்ளையைத்தான் எடுப்பான், அது சாது. செவலை கடிக்கும், உதறும்... எனக்கு மட்டும் அடங்கும். சத்தியமாகச் சொல்கிறேன்.

அந்த வருஷம் ஊருக்குப் போய்வந்தோம். தீவுக்காரர்களுக்கு மெயின்லேண்ட் ட்ரிப் மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறைதான். அதனால் வீட்டில் பாக்கியிருக்கும் வேண்டுதல்களை எல்லாம் ஒரே மூச்சில் முடித்துவிடுவார்கள். பாலுவுக்கு ஒரு மொட்டை. எனக்கு டைபாய்டு வந்தபோது நேர்ந்துகொண்ட இன்னொரு மொட்டை. பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு! அழுது புரண்டேன், கேட்பாரில்லை. திரும்பி வந்ததும் பாலுவின் சட்டை, டிரவுசரை மாட்டிக்கொண்டு பீச்சுக்குப் போனேன். மொட்டைக்குப் பாவாடை சரிப்படவில்லை.

அன்றைக்குச் செவலையை விட்டேன் பாருங்கள் ஒரு விடு... பீச்சின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு! பாலு பாதி தூரம்கூட வரவில்லை. குதிரைக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார்.

மறுநாள் குதிரைக்காரரோடு ஒரு பெரிய மனுஷர் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். பெங்களூரில் ரேஸ் குதிரை பழக்குகிறவர், டூர் வந்த இடத்தில் எங்களைப் பார்த்திருக்கிறார். ரேஸில் குதிரை ஓட்டும் ஜாக்கியாக்க ஒரு பையனைக் கூட்டிப்போக வந்திருந்தார்.

"வோ கஞ்சா லட்கா கஹாங் ஹை? லால் வாலே பே ஜோ தா?"

ஹிந்தியில் கஞ்சா என்றால் மொட்டை. சிவப்புக் குதிரையில் இருந்த மொட்டைப் பையன் எங்கே என்கிறார். அம்மாவுக்கு அப்போது ஹிந்தி அரைகுறை.

"ஐயையோ, கஞ்சாவா? எம்புள்ள அப்படிப்பட்டவன் இல்ல சார்!"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அப்பா இரண்டு மொட்டைகளில் ஒன்றைப் பிடித்து முன்னால் தள்ளினார். "யஹீ ஹை சார், மேரா பேட்டா." இவன்தான், என் மகன் என்று. பாலுவை.

"அப்பா, செவலைல இருந்தது நாந்தான்ப்பா!"

"சும்மா இருடி. பொட்டப்புள்ள ஜாக்கியாவா போவ?"

நான் பாலுவைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

அடுத்த கப்பலில் போய்விட்டான். நன்றாகக் கற்றுக்கொண்டான், அதை மறுக்க மாட்டேன். இருபது வயதில் பேப்பரில் போட்டோ, கையில் கோப்பை. எனக்கு வயிறு எரிந்தது... சும்மா இல்லை, திகுதிகுவென்று. தீவில் என் பெயரே போய்விட்டது. நான் 'ஜாக்கியோட தங்கச்சி'. என் கல்யாணப் பத்திரிகையை வாங்கியவர்கள்கூட "பாலு வருவானா?" என்றுதான் கேட்டார்கள்.

லீவில் வந்தால் அம்மா சுறாப்புட்டு செய்வாள். ஒரு வாய் மென்று, போய்த் துப்பிவிட்டு வருவான். எடை ஏறினால் ஓட்டக் குதிரை கிடைக்காதாம். எனக்குப் பரிதாபம் வரவில்லை. அவன் முன்னாலேயே உட்கார்ந்து இரண்டாம் தடவை போட்டுச் சாப்பிட்டேன். அவ்வளவு கெட்டவள் நான்.

ஒவ்வொரு தடவையும் கேட்பேன்.

"டேய், அன்னைக்கு செவலைல இருந்தது யாருடா?"

"அட போடி பாகல், பைத்தியம், அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு?"

அப்புறம் எல்லாம் சரிந்தது. இரண்டு முறை விழுந்தான், தோள் எலும்பு சரியாகக் கூடவில்லை. குடி வந்தது, மனைவி பிரிந்தாள். ஜெயிக்க வேண்டிய குதிரையை வேண்டுமென்றே இழுத்துப் பிடித்தான் என்று விசாரணை வைத்து லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

"நான் இழுக்கல மீனா, குதிரைக்கே முடியல" என்று போனில் அழுதான்.

"வீட்டுக்கு வந்துடு" என்றேன். அந்த ஒரு தடவை மனதாரச் சொன்னேன்.

கப்பலில் வந்தான். கடைசி நாள் காலை, தீவு கண்ணில் பட்டபோது, டெக்கில் நின்று டீ குடித்தானாம், பார்த்தவர்கள் சொன்னார்கள். நான் துறைமுக ஜெட்டியில் ஆட்டோவோடு நின்றேன். எல்லோரும் இறங்கினார்கள்... அவன் இறங்கவில்லை. அவன் படுக்கையில் பை மட்டும் இருந்தது.

இரண்டு நாள் கழித்து மீன்பிடிக்கப் போனவர்கள் உடலைக் கொண்டுவந்தார்கள். கடல் அன்று சலனமே இல்லாமல் கிடந்தது. மின்னி பே கடலில் நீந்தியே வளர்ந்தவன் அவன். தள்ளிவிட்டார்கள் என்கிறார்கள், தானே விழுந்தான் என்கிறார்கள், ரேஸ் ஆட்கள் கூடவே வந்தார்கள் என்கிறார்கள். போலீஸ் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. எனக்கும் தெரியாது.

பேப்பரில் எழுதினார்கள்... அந்தமான் கடற்கரையில் செவலைக் குதிரையில் பறந்த சிறுவனை அன்றே கண்டெடுத்தார்கள் என்று. அது என் ஓட்டம்! அம்மா அதை வெட்டி லேமினேட் செய்து வைத்திருக்கிறாள். அழுதுகொண்டிருந்த எனக்கு, அதைப் படித்ததும் பொறாமை வந்தது. ஆமாம், செத்துப்போனவன் மேல்.

அவன் உயிரோடு இருந்தவரை சண்டை போட ஒருத்தன் இருந்தான். வாய் திறக்காவிட்டாலும் உண்மை தெரிந்த ஒருத்தன். இப்போது பீச்சில் குதிரையும் இல்லை, ஜெட் ஸ்கீ ஓடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனால் அம்மா என் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.

"நீயும் அன்னைக்கு அங்கதானடி இருந்த. எம்புள்ள எப்படி ஓட்டுச்சு? இன்னொருக்கா சொல்லு."

அவளிடம் போய் இப்போது என்ன வழக்காடுவது? சொல்கிறேன்.

"கடிவாளத்த இழுக்கவே இல்லம்மா, தளர விட்டாச்சு. பிடரியில முகத்த வச்சு, அது காதுல பேசிக்கிட்டே... அலை வந்து கால்ல அடிக்குது, பயமே இல்ல."

"என்னடி பேசுச்சு?"

"ஓடுறா செல்லம், நிக்காதன்னு."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். "எம்புள்ளடி..."

"ஆமாம்மா," என்கிறேன். "உம்புள்ளதான்."