சூடு பிடித்த முழங்கால்

எண்பதுகளில் மலேசியாவின் கிள்ளானில் ஒரு மருத்துவமனையில் நானும் இன்னொரு பெண்ணும் பயிற்சி டாக்டர்கள். என் ஊர் வசதியான பெட்டாலிங் ஜெயா, அவள் ஊர் தொழிலாளர்கள் வாழும் செந்தூல். மூட்டு நோய்ப் பிரிவின் பெரிய டாக்டர் எங்களில் ஒருவரைத்தான் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அந்த இடம் எனக்குத்தான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். பாடப் புத்தகத்தில் நான் படிக்காத பக்கம் உண்டா?

காப்பாரிலிருந்து ஒரு லோரி ஓட்டுநர் வந்தார். லேசான காய்ச்சல், ஒரு முழங்கால் பலாப்பிஞ்சாக வீங்கியிருந்தது. பார்த்ததும் எனக்கு உற்சாகம். பால்வினைத் தொற்றால் மூட்டு இரண்டு விதமாக வீங்கும். கொனோரியா கிருமியே மூட்டுக்குள் இறங்குவது ஒன்று. உடனே ஊசி போடாவிட்டால் மூட்டை அரித்துவிடும். மற்றது, தொற்று வந்து சில வாரம் கழித்து உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் மேல் பாய்வது. இதில் மூட்டு நீரைச் சோதித்தால் கிருமி வளராது. சிறுநீர் எரிந்திருக்கும், கண் சிவந்திருக்கும்.

"உங்களுக்குப் பால்வினை நோய் ஏதும் இருந்ததா?"

"என்னா டாக்டர் இப்படிக் கேக்குறீங்க? நான் கல்யாணம் ஆனவன்!"

மறைக்கிறார் என்று நினைத்தேன். மூட்டு நீரை எடுத்து அனுப்பிவிட்டு, கொனோரியா என்று எழுதினேன். அதற்குள் அவள் கட்டிலருகே வந்துவிட்டாள்.

"அண்ணே, இதுக்கு முன்ன உடம்புல சூடு பிடிச்சிச்சா?"

"அதை ஏன் கேக்குற தங்கச்சி! மூணு வாரம் முந்தி தாய்லாந்து பக்கம் போயிட்டு வந்தேன். ஒண்ணுக்குப் போனா ஒரே எரிச்சல். அப்புறம் சூடு கண்ணுக்கு ஏறி செவசெவன்னு ஆயிடிச்சி. இளநி குடிச்சேன், எறங்கிடிச்சி லா."

அதே வாய்தானே என்னிடம் மூடிக்கொண்டது!

இரண்டு நாள் கழித்து சோதனை முடிவு வந்தது; மூட்டு நீரில் எதுவும் வளரவில்லை. "கொனோரியாவிலும் சில சமயம் வளராதே" என்று பெரிய டாக்டரிடம் வாதாடிப் பார்த்தேன்.

"உண்மைதான். கண்ணு சிவந்ததை நீ கேட்டியா?" என்றார்.

இரண்டாம் வகைதான் என்று முடிவானது. ஓட்டுநருக்கு மாத்திரை தொடங்கினார்கள். மனைவிக்கும் மருந்து வேண்டும் என்றதும் அவர் தலையைக் குனிந்துகொண்டு, "தங்கச்சியே அவகிட்ட சொல்லட்டும்" என்றார்.

அன்று மாலையே அந்த இடம் அவளுக்கென்று ஆயிற்று. வாழ்த்துச் சொல்லிக் கைகுலுக்கினேன்.

"விடு லா, வலிக்குது" என்றாள்.