நடுக்கோட்டைத் தொட்டானா?

எழுபதுகளின் கடைசியில் போடியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரிகளுக்கிடையேயான கபடிப் போட்டியின் அரையிறுதி எங்கள் மைதானத்தில் நடந்தது. எதிரணி மதுரைக்காரர்கள்.

எங்கள் அணியில் பாடிப் போவதில் சூரன் ஒருவன் இருந்தான். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கும் குடும்பம். ஜெயித்தால் பல்கலைக்கழக அணித் தேர்வுக்குப் போகலாம், அதில் இடம் கிடைத்தால் போலீஸ் வேலை நிச்சயம் என்று அவன் வீட்டில் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஆட்டத்தைப் பார்க்கத் தோட்டத்து ஆட்கள் ஒரு ஜீப் நிறையத் தொற்றிக்கொண்டு வந்திருந்தார்கள்.

கடைசிப் பாட்டு. நாங்கள் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். சுண்ணாம்புத் தூளால் போட்ட நடுக்கோட்டை அவன் வழக்கம்போலத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு போனான். நாலு பேர் அவனை அமுக்கினார்கள். அவர்களையும் இழுத்துக்கொண்டு கோட்டை நோக்கிக் கையை நீட்டினான். கை பட்டுவிட்டால் நாலு பேரும் அவுட், ஆட்டம் எங்களுடையது. நடுவர் விசில் ஊதி, தொடவில்லை என்று கையைக் காட்டிவிட்டார்.

அவ்வளவுதான், கூட்டம் உள்ளே பாய்ந்தது. ஏற்கெனவே அவுட்டாகிக் கடைசிக் கோட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நானும், "தொட்டான் சார், என் ரெண்டு கண்ணால பாத்தேன்!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். ஜீப்பில் வந்த ஒருவர் அவன் கையைத் தூக்கிக் காட்டினார். "வெரல்ல சுண்ணாம்பு ஒட்டியிருக்கு, பாருங்க சார்!"

"நெத்தியிலயும்தான் இருக்கு. போறப்பத் தொட்டுக் கும்பிட்டதா, விழுந்தப்ப ஒட்டுனதான்னு நான் எப்படிக் கண்டுபிடிக்க?" என்றார் நடுவர். பிறகு அவனிடமே கேட்டார். "தொட்டேன்னு நீ சொல்லு, பாயிண்டைக் குடுத்துர்றேன்."

சொல்லித் தொலையேன்டா என்று என் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அவன் தன் விரல்களையே பார்த்துவிட்டு, "தெரியலைங்க சார்" என்றான். தோற்றுப்போனோம்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அவன்மேல் எரிந்து விழுந்தேன். "ஏன்டா மாப்ளே, தொட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னா என்னடா கொறைஞ்சு போகும்?"

"மொகம் மண்ணுல கெடந்துச்சு. மேல நாலு பேரு. கோடா மண்ணான்னு எனக்கு எப்புடிடா தெரியும்?" என்றான்.

மதுரை பஸ்சுக்காக நின்றிருந்த நடுவர் எங்களைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார். அவன் தோளில் கை வைத்து, "எனக்கும் சரியாத் தெரியலைப்பா. காலுக்கு நடுவுல உன் கை மறைஞ்சிருச்சு. ஏதோ ஒண்ணு சொல்லித்தானே ஆகணும்" என்றார். அவன் சிரித்துவிட்டான். எனக்குத்தான் அழுகை வந்தது. அந்தப் போலீஸ் வேலை அவனுக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

அவ்வளவு தூரத்திலிருந்து நான் எதைப் பார்த்தேன் என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். அன்று அந்த மைதானத்தில் எல்லோருக்கும் நிச்சயமாகத் தெரிந்திருந்தது; கோட்டுக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியவில்லை.