பக்கத்து மேசையில் விசாரித்தவர்

ஸ்டெல்லா டீச்சர் மாரடைப்பில் இறந்துவிட்டார் என்று தலைமையாசிரியர் போனில் சொன்னபோது, "அப்ப சனிக்கிழமை வரமாட்டாங்களா சார்?" என்று கேட்டேன். சனிக்கிழமை நம் பள்ளிக்கு ரோபோ போட்டி இருந்தது. அதற்காக இப்படியா கேட்பேன் என்று எனக்கே இன்னும் விளங்கவில்லை.

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் நீங்கள் அவரைக் கணக்கு டீச்சராகத்தான் அறிவீர்கள். போட்டியில் அவருக்கு வேறு வேலை. இறுதிச் சுற்றுக்குப் போகும் அணி இன்னோர் அணியைக் கூட்டணிக்கு அழைக்க வேண்டும். யாரை அழைப்பது என்று தெரிய, நாள் முழுக்க மற்றவர்களின் ரோபோக்களை வேவு பார்க்க வேண்டும். நான் கணினி ஆசிரியர். பிள்ளைகளை ஆளுக்கொரு ரோபோவைப் பார்க்கவைத்து, அவை எடுத்த புள்ளிகளைக் கணினியில் ஏற்றி வரிசைப்படுத்தினேன். டீச்சர் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சம்பந்தம் பேசப் போறோம் சார். பக்கத்து வீட்டுல விசாரிக்க வேணாமா?"

அன்றிலிருந்து இரண்டு மாணவிகள் ஒவ்வொரு அணிக்கும் பக்கத்து மேசையில் போய் விசாரிக்கத் தொடங்கினார்கள். கேட்டால் ஸ்பேனர் கொடுப்பார்களா, தோற்றால் யாரைத் திட்டுகிறார்கள் என்றெல்லாம் தகவல் வரும். இதைக் கணினியில் எந்தக் கட்டத்தில் போடுவது என்று எனக்குத் தலை சுற்றும்.

போன வருடம் என் வரிசையில் முதலில் நின்ற அணியை விட்டுவிட்டு, பாதி ஆட்டங்களில் கை மேலே எழாத ரோபோவின் அணியை டீச்சர் அழைத்தார். அந்தப் பிள்ளைகள் தங்கள் உபரி பேட்டரியை எதிரணிக்கே கொடுத்தவர்களாம். இறுதி ஆட்டத்திலும் அந்தக் கை எழவில்லை. தோற்றோம். பஸ்ஸில் எரிச்சலோடு, ஏன் டீச்சர் அவர்களை எடுத்தீர்கள் என்று கேட்டேன். அவர் இறங்க வேண்டிய திருமலைராயன்பட்டினம் வந்தபோதுதான் சொன்னார்.

"தோத்துட்டோம் சார். ஆனா தப்பா எடுத்துட்டோம்னு எனக்குத் தோணலயே."

இது என்ன பதில் என்று வீடு வரும்வரை புலம்பினேன்.

வெள்ளிக்கிழமை அடக்கம். மறுநாள் போவதா வேண்டாமா என்று திண்டாடினோம். அவர் கணவர்தான் போகச் சொன்னார். போட்டியில் இறுதிச் சுற்றுக்கு வந்து, யாரை அழைக்கிறீர்கள் என்று நடுவர்கள் கேட்டபோது, என் வரிசையில் ஒரு பெயர் இருந்தது, விசாரித்து வந்த மாணவிகள் வேறொன்றைச் சொன்னார்கள். அவர்கள் சொன்னதையே நானும் சொல்லிவிட்டேன். அடுத்த ஆட்டத்திலேயே வெளியேறினோம்.

திரும்பும்போது, புள்ளிகளை ஏற்றிய மாணவன் தயங்கித் தயங்கி, "ஏன் சார் அவங்கள எடுத்தீங்க?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. தப்பு என்றும் தோன்றவில்லை.

டீச்சர் எனக்கு விட்டுப்போனது இந்தக் குழப்பத்தைத்தான். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்கவும் எனக்கு அவர்தான் வேண்டும்.