அக்காவின் இடக்கைக்கு நான் செய்த கருவி

பக்கவாதம் வந்து அக்காவின் இடக்கை செயலிழந்த பிறகு, சபைக் கமிட்டி நான்கு மாதம் பொறுத்தது. மலேசியாவின் கிள்ளானில் எங்கள் தமிழ்ச் சபையில் இருபத்தைந்து வருடமாகக் கீபோர்ட் வாசித்தவள் அவள். ஆராதனைக்கு முன் கால்மணி நேரம், ஏதாவது ஒரு கீர்த்தனையை எடுத்துக்கொண்டு மனம் போன போக்கில் வாசிப்பாள். அதைக் கேட்கவே சிலர் சீக்கிரம் வருகிறார்கள் என்று நம்பினாள். நானும் நம்பினேன்.

"ஈஸ்டர் வரைக்கும் பார்ப்போம் சிஸ்டர். அப்புறம் வேற ஆள் பார்க்கணும் லா," என்றார் கமிட்டி செயலாளர். அதைக் கனிவாகச் சொன்னதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

நான் பக்கத்து ஊரான மேருவில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு நிரல் எழுதுகிறவன். அழவும் வராது, உருகி ஜெபிக்கவும் வராது. வீட்டில் எது கெட்டுப்போனாலும் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்துவிடுவேன். முதலில் கடையில் விற்கும் லூப் பெடல் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். வலக்கையால் வாசித்ததைப் பதிவு செய்து அது திரும்பத் திரும்ப ஒலிக்கும். அதன்மேல் அவள் வாசித்துக்கொண்டே போகலாம். இரண்டே நாளில் ஓரமாகத் தள்ளிவிட்டாள்.

"எதக் கேட்டாலும் ஒரே பதில் சொல்றவன்கூட எவ்வளவு நேரம்டா பேசறது?"

அதனால் நானே ஒரு நிரல் எழுதினேன். அவள் வாசிப்பதை அது துண்டு துண்டாக வெட்டி வைத்துக்கொள்ளும். அவள் சற்று நிறுத்தினால், வைத்திருப்பதில் ஒன்றைக் குலுக்கி எடுத்து, சில சமயம் ஒரு ஸ்தாயி கீழே, சில சமயம் பாதி வேகத்தில், பதிலாகத் தரும். எதை எடுக்கும் என்று எனக்கே தெரியாது. குலுக்கலைக் கூட்டினால் மீன் பாசார் இரைச்சல், குறைத்தால் கிளிப்பிள்ளை. மண்டை காய்ந்தது. "வரிய நடுவுல வெட்டாத, மூச்சு முட்டுது," என்றாள். முழு வரியாக வெட்டும்படி மாற்றினேன். ஒரு சனிக்கிழமை மாலை, அவள் நிறுத்திய இடத்தில் கருவி எங்கிருந்தோ ஒரு பழைய வரியை எடுத்துப் போட, அவள் அதைப் பிடித்துக்கொண்டு வேறெங்கோ போனாள். போய்க்கொண்டே சிரித்தாள். நோய் வந்தபின் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். இனிச் செயலாளர் என்ன சொல்கிறார் பார்ப்போம் என்று எனக்குத் தலைக்கனமே வந்துவிட்டது.

ஈஸ்டருக்கு இரண்டு வாரம் முன்பு அதைச் சபைக்கு எடுத்துப் போனோம். லேப்டாப்பை அவளுக்கு இடப்பக்கம் இருந்த சின்ன மேசையில் வைத்து, ஆலய ஸ்பீக்கரோடு இணைத்தேன். அந்தப் பக்கம் அவளுக்குக் கை எட்டாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பக்கத்தில் நின்ற என்னை அவள் விரட்டினாள்.

"நர்ஸ் மாதிரி நிக்காத. பின்னால போய் உக்காரு."

அந்தக் கால்மணி நேரம் நன்றாகவே போனது. முடித்து, போதகர் ஜெபிப்பதற்காக அவள் கையை எடுத்தாள். சபை அமைதியானது. மௌனம் வந்தால் பதில் சொல் என்றுதான் நான் கருவிக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். அது அவள் வாசித்த கீர்த்தனையின் பல்லவியை முழு வரியாக எடுத்துப் போட்டது.

எங்கள் சபையில் பல்லவியை எத்தனை முறை பாடுவது என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஆராதனை நேரத்தில் கீபோர்ட் பல்லவியைத் தொட்டால் எழுந்து பாடுவார்கள், மறுபடி தொட்டால் மறுபடி பாடுவார்கள். எழுந்தார்கள். தபேலாக்காரர் தாளத்தைப் பிடித்துக்கொண்டார். வரி முடிந்ததும் கருவி இன்னொன்றைப் போட்டது, பிறகு மறுபடியும் பல்லவி. போதகரே கண்ணை மூடிக் கைதட்டினார். நான் பின் வரிசையிலிருந்து எழுந்து முன்னால் ஓடப் பார்த்தேன். நடைவழியெல்லாம் ஆட்கள் கைகளை உயர்த்தி நின்றார்கள். "கொஞ்சம் வழி விடுங்க அங்கிள்" என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. இடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்து நிறுத்துவதற்குள் ஏழெட்டு முறை பாடிவிட்டார்கள்.

ஆராதனை முடிந்ததும் அக்காவைச் சுற்றிக் கூட்டம். இந்த மாதிரி வாசித்துக் கேட்டதே இல்லை என்றார்கள். செயலாளர் என்னைத் தனியாக இழுத்துப்போனார்.

"பாஸ், அந்த மெஷின இங்கயே வச்சுட்டுப் போங்க. அக்கா பாவம், இனிமே கஷ்டப்பட வேணாம் லா."

அவர் கேலி செய்யவில்லை, உதவி செய்வதாகத்தான் நினைத்தார். நான் கையிலிருந்த வயர்களைச் சுருட்டினேன். அவள் இடத்தைக் காப்பாற்ற நான் செய்தது அவள் இடத்தில் உட்கார்ந்துவிட்டது.

கார் மேரு சாலைக்குத் திரும்பியது. அடுத்த வாரம் வாசிக்கப் போவதில்லை என்றாள் அக்கா. அது பிரோகிராமில் சின்னத் தவறுதான், ஒரு வரி மாற்றினால் போதும் என்று ஆரம்பித்தேன்.

"அதில்லடா. அவங்க பாடுற நேரம் பூரா நான் கைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். யாராவது ஒருத்தர் என்னப் பார்ப்பாங்கன்னு நெனச்சேன்."

நான் அவளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றுதான் கருவியை நிறுத்தினேன். அப்போதும் நான் பார்த்தது லேப்டாப்பைத்தான்.