சிப்பி மலிந்த மாசம்

சிப்பி சுட்டு வெற்றிலைச் சுண்ணாம்பு விற்ற மைதீன் பீவி, மதுரைத் தெற்குவாசலில் கறாருக்குப் பேர்போனவள். அவளே இளகிய நாளும் உண்டு. யுத்த காலத்தில் ஒரு மாசம், வண்டிக்கார ஜலால் ராமநாதபுரத்துக் கடற்கரையிலிருந்து வண்டி வண்டியாகச் சிப்பி கொண்டுவந்து இறக்கினார். மனசு குளிர்ந்துபோன பீவி, சிப்பி வந்து இறங்கிய அன்றைக்கே நன்றியாக ஃபாத்திஹா ஓதித் தெருவுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தாள்.

மறுநாள் காளவாய் மூட்டியதும் மண்ணெண்ணெய் நாற்றத்தோடு கரும்புகை கிளம்பியது. ஒரு கூடையைக் கவிழ்த்துப் பார்த்தாள். வழக்கமாக வருபவை அலை ஒதுக்கிய வெற்று ஓடுகள். இவையோ வாய் பிளந்து, ஓடு பிரியாமல், உள்ளே கறுத்த சதையோடு கிடந்தன. பாதிக்கு மேல் நகத்தளவுக் குஞ்சுகள்.

"என்னண்ணே இது?" என்று அங்கே வந்த ஜலாலிடம் கேட்டாள்.

"எண்ணெய்க் கப்பல் ஒண்ணு முங்கிருச்சு தங்கச்சி. எண்ணெய் அடிமணல் வரைக்கும் எறங்கிருச்சு. மணலுக்குள்ள பொதைஞ்சு கெடந்ததெல்லாம் மூச்சுமுட்டி மேல வந்து செத்துக் கரை ஒதுங்குது. அதத்தான் அள்ளிட்டு வாரேன்."

"அடுத்த நடை எப்ப?"

"இனி எங்கிட்டு இருக்கு? குஞ்சுகூட மிஞ்சல."

பீவி மண்ணை அள்ளிப் போட்டுக் காளவாயை அணைத்தாள்.

"இம்புட்டு உசுரு மவுத்தானதுக்கா அண்ணே நேத்து நான் சர்க்கரை குடுத்தேன்?"